பின்கதவுப் பூட்டு

என் அன்பிற்குரியவருக்கு,

நான், பாப்பா, அத்தை மூவரும் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மேலே படிக்கும்போது நீங்கள் பதறக் கூடாது. கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று உங்கள் ஏஜென்ட் சொன்னார்.

ஆலையில் கேஸ் கசிந்துவிட்டது. குளிரறைக்குப் போகும் அம்மோனியாக் குழாயில் ஏதோ ஓர் இணைப்பு விட்டுப்போனதாம். நாங்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். முதலில் கண் எரிந்தது. பிறகு யாரோ தொண்டையைப் பிடித்து நெரிப்பது போல இருந்தது. முன்வாசல் பக்கமிருந்துதான் கேஸ் வந்தது, அதனால் எல்லோரும் பின்கதவுக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது.

வேலை நேரத்தில் அந்தக் கதவைப் பூட்டக் கூடாது என்று சங்கம் போராடி வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நீங்கள் அங்கே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள், எங்களோடு மழையில் கேட்டுக்கு வெளியே தர்ணா உட்கார்ந்தீர்கள். கையுறை, பஸ், கதவு எல்லாம் கிடைத்த பிறகு, இனிமேல் சங்கம் எதற்கு என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். நாமும்தான். கடைசியில் செயலாளர் சுருட்டையும் அவளோடு நாலைந்து பேரும்தான் மிஞ்சினார்கள். போன வருடம் வந்த புது மேனேஜர், சரக்கு திருட்டுப் போகிறது என்று சொல்லிக் கதவைப் பூட்டினார். சுருட்டை போய்க் கேட்டாள். "நீ எத்தனை பேருக்காகம்மா பேசுற?" என்றாராம். அவளைக் குளிரறைக்கு மாற்றினார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு இறால் உரித்தோம்.

அன்றைக்கு நான் கதவோடு கதவாக நசுங்கிக் கிடந்தேன். பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள என் மூச்சு நின்று நின்று வந்தது. பாப்பாவுக்குத் தலை பின்னாமல் வந்துவிட்டோமே என்றுதான் நினைத்தேன், வேறெதுவும் தோன்றவில்லை. கடைசியில் லோடுமேன்கள் வெளியிலிருந்து தள்ளுவண்டியால் இடித்துப் பூட்டை உடைத்தார்கள். சாவு இல்லை. ஆனால் குளிரறைக்குள் இருந்த சுருட்டையைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடக்கிறாள்.

இப்போது மேனேஜர் எங்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிடுகிறார். உட்காரச் சொல்லி டீ கொடுக்கிறார். "கதவு தொறந்துதான் இருந்துச்சு. பதட்டத்துல உங்களுக்குத் தெரியல. விசாரிக்க அதிகாரி வருவாரு, அப்படியே சொல்லிடுங்க, என்ன?" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் வாந்தி எடுத்தேன்.

வீட்டில் கதவு சாத்தினாலே எனக்கு உடம்பு வேர்க்கிறது. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. அத்தை வெளியே முக்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கதான் இருக்கேன், நீ குளி" என்று வாளி காலியாகும் வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதிகாரி வந்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்களையே நினைத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா

*

என் அன்பிற்குரியவருக்கு,

உங்களிடமிருந்து பதில் வருவதற்குள் அடுத்ததையும் எழுத வேண்டியதாகிவிட்டது.

அதிகாரி வந்தார். எங்களை மேசைகளுக்கு நடுவிலேயே நிற்க வைத்து, மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, பின்கதவு திறந்திருந்ததா என்று கேட்டார். எடை போடும் அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பூட்டியிருந்துச்சு சார்" என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. என்னம்மா என்றார். முதல் தடவை எப்படியோ வந்துவிட்டது, இரண்டாம் தடவை சொல்வதற்குத்தான் உயிர் போயிற்று. சொன்னேன். உடனே எடை போடும் அக்கா, "ஆமா, பூட்டித்தான் இருந்துச்சு. எத்தனை பேர் தட்டினோம்" என்றார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மேனேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மாலையில் நான் கிளம்பும்போது கேட்டருகே நின்று சிரித்த முகமாக, "பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பாப்பாவை வேறு தெரு வழியாகக் கூட்டிப் போகிறேன். ஏன் இந்த வழி என்று கேட்கிறாள், நிழலாக இருக்கிறது என்கிறேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் கையை இறுக்கிவிடுகிறேன், வலிக்குது என்று கத்துகிறாள்.

பின்கதவு இப்போது திறந்திருக்கிறது. சுருட்டை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு கண்ணில் பார்வை திரும்பியிருக்கிறது, மற்றது சந்தேகம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு முன்னறையில் கூடினோம், இடம் போதாமல் படியெல்லாம் ஆட்கள். அங்கேயே ஒருத்தி, "அதான் பூட்டை எடுத்தாச்சே, இனி சங்கம் எதுக்கு?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே வார்த்தையை நாம் சொன்னபோது நமக்கு ஏன் பயமே வரவில்லை?

உடைந்ததற்குப் பதிலாகப் புதிதாக வாங்கிய பூட்டு சூப்பர்வைசர் அறையில் ஆணியில் தொங்குகிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த மேனேஜர் போவார், இன்னொருவர் வருவார், அவருக்கும் பூட்டத் தோன்றும். கதவு திறந்தது திறந்தபடி இருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தனி ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்காத நாட்களிலும் வேண்டும். இதை நான் அங்கே திக்கித் திக்கிச் சொன்னேன். பேசினது தப்பாகப் போயிற்று. சுருட்டை தன் கரகரத்த குரலில், "அப்போ நீயே செயலாளரா இரு" என்றாள். எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

வீட்டில் சொன்னதும் அத்தை, "மாலையெல்லாம் போட்டாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகம் விழுந்துவிட்டது. பிறகு எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் ஆலை கேட்டுக்கு வெளியே சேலையைச் சரிசெய்வது போல நின்று நின்றுதான் உள்ளே போகிறேன். நேராகப் பின்கதவுக்குப் போய் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் என் மேசைக்கு வருகிறேன். இரண்டு நாளாக எடை போடும் அக்காவும் கூட வருகிறார்கள். அவர்களும் ஒரு தரம் தள்ளிப் பார்க்கிறார்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதில் எழுதும்போது திட்டுங்கள், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டுங்கள். விலகிவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் நான் விலகிவிடுவேன்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா