பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தர்

2025 பெப்ரவரி 11

மத்தியானம் குசினியில் பித்தளைத் தாம்பாளம் கைதவறி விழுந்தது. இவருடைய அப்பா, மாமா, அறையிலிருந்து எழும்பி வந்துவிட்டார். முன்வீட்டு நாய் குரைத்தது. தொட்டிலில் கிடந்தவன் அசையவேயில்லை. நல்ல நித்திரைக்காரன் என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 12

கிண்ணம், கதவு, பூசைமணி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பார்த்தேன். மணிக்குத் திரும்பினான்! ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். பிறகு அவனுக்குப் பின்னால் நின்று அடித்தேன். திரும்பவில்லை. என் கையைத்தான் பார்த்திருக்கிறான்.

பெப்ரவரி 20

வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற மருத்துவமாது சிவரூபி அக்கா வந்தார். ஏழு மாதப் பிள்ளை தாயின் குரலுக்குத் திரும்பத்தான் வேண்டுமாம். பிந்தாமல் யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார். தன் பாட்டில் வளர்வான் என்கிறார் இவர். கோயிலில் பூசை செய்து அத்தனை மணி அடிக்கிற மனுசனுக்கு, மகன் ஒன்றுக்கும் திரும்பாதது தெரியவில்லையா? இல்லை, தெரிந்துதான் பயப்படுகிறாரா?

மார்ச் 4

காதுச் சோதனைக்குப் பிள்ளை நித்திரையாக இருக்க வேண்டும். இவனோ நயினாதீவில் படகு வெளிக்கிட்டதும் தூங்கிவிட்டான், அந்த எஞ்சின் இரைச்சலில். என்ன பொறுமையான பிள்ளை என்று பக்கத்திலிருந்த பெண் மெச்சினாள். ஆஸ்பத்திரியில் கண்ணை உருட்டி உருட்டி ஒரே விளையாட்டு. திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 18

இம்முறை படகில் அவனைத் தூங்க விடவில்லை. விகாரைக்கு வந்து திரும்பிய சிங்களப் பெண் ஒருத்தி, விசயம் விளங்கியதும் வளையலைக் கழற்றி ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் என் மடியிலேயே நித்திரையானான்.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். காது சோதிக்கிற கஜாலினி, சின்னப் பெண், திரையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். இரண்டு காதும் கேட்பது மிகக் குறைவு. காதில் மெசின் பூட்டினால் பேச்சுக் கேட்கும், ஆனால் பிந்தக் கூடாது என்றார். இவர்தான் ஏதேதோ விசாரித்தார். நான் பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வடிவான காது.

மார்ச் 19

அப்ப இவ்வளவு நாளும் நான் பாடினது? ஆருக்குப் பாடினனான்?

மார்ச் 21

பெயர் வைத்த நாளை நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். இவர் குனிந்து பிள்ளையின் வலது காதில் மூன்று தரம் பெயர் சொன்னார். சந்திரமௌலீசன். மாமாவின் பெயர். பேரன் என்றால் பெயரைக் கொண்டவன்தானே.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமனாரின் பெயரை மருமகள் சொல்லலாமா? தகப்பனின் பெயரை மகன் சொல்வானா? எனக்கு அவன் குஞ்சு. இவருக்கு அம்பி. கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சின்ன ஐயா. சொன்ன அந்த ஒரு தடவையும் அவனுக்குக் கேட்கவில்லை. தன்ர பேர் தெரியாமலே வளருது என்ர பிள்ளை.

ஜூன் 3

மெசின் பூட்டியாயிற்று. கட்டியணைத்தால் கீச்சிடுகிறது. காதுக்குள் வாயை வைக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுங்கோ, எல்லாரும் ஒரே பெயராகக் கூப்பிடுங்கோ என்றார் கஜாலினி. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நானும் இவரும் ஆளை ஆள் பார்த்தோம்.

திரும்பி வரும்போது, படகு எஞ்சின் போட்டதும் வீரிட்டு அழுதான். பொறுமையான பிள்ளையாம்! நானும் அவனோடு சேர்ந்து அழுதேன். சந்தோசம்தான்.

ஜூன் 4

அம்பி என்றே எல்லாரும் கூப்பிடலாம் என்கிறார் இவர். ஏலாது என்றுவிட்டேன். அவனுக்கென்று காதில் ஓதின பெயர் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவன் கேட்க வேண்டும். "அப்ப நீரே கூப்பிடுமன்" என்றார். வாயைத் திறந்தேன். அறைக்குள் மாமா இருமினார். மூடிக்கொண்டேன். வாய்வீச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை எனக்கு.

ஜூன் 30

திருவிழா. தவிலுக்குத் திரும்பினான். காகத்துக்கும் திரும்புகிறான். எனக்குத்தான் இல்லை. குசினிக்குள்ளும் கிணற்றடியிலும் நின்று அவன் பெயரை மெல்ல மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். அது எனக்கே கேட்பதில்லை. ஒருக்கால் திரும்பிப் பார் ராசா. ஒரே ஒருக்கால். தவிலில் பொறாமைப்படுகிற தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 12

இன்றும் இல்லை.

ஓகஸ்ட் 8

பின்னேரம் மாமாவுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார். அவருக்கு முன்னால் நான் இருந்ததேயில்லை. இருந்தேன்.

"பிள்ளை, நீர் குசினிக்குள்ள நிண்டு முணுமுணுக்கிறது எனக்கு விளங்குது. அவனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"ஊருக்கு நான் ஐயா. உமக்கு மாமா. உம்மட மாமி உயிரோட இருக்கும் வரைக்கும் 'இஞ்சாருங்கோ'தான். எங்கட அம்மா போனாப்பிறகு ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உரத்துக் கூப்பிடும் பிள்ளை. நானும் கேக்கிறன்."

எழுந்து வந்து குசினியில் நின்று அழுதேன்.

ஓகஸ்ட் 9

காலமை விறாந்தையில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான், எனக்கு முதுகைக் காட்டியபடி. காகம் இல்லை, மணி இல்லை. குசினி வாசலில் நின்று, கையை அசைக்காமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"சந்திரமௌலீசா!"

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் முற்றம் வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பினான். என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான்.

அறைக்குள்ளிருந்து மாமாவும் "ஓம், வாறன்" என்றார்.