கவசத்துக்கு அடுத்த அறை

பான், ஜேர்மனி, 12.10.2008

அன்புள்ள மகனுக்கு,

எனக்கு இங்கே ஒரு நூதனசாலையில் காவல் வேலை. என் அறையில் பழைய ஜப்பானியச் சிற்றரசன் ஒருவனின் கவசம் இருக்கிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவன் தன் மகனைப் பகைவனிடம் பிணையாக விட்டு, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனானாம். திரும்பவில்லை. அந்த மகனுக்கு என்ன நடந்தது என்பதையும் வழிகாட்டிப் பெண் தினமும் சொல்கிறாள். அந்த இடம் வரும்போது நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறையில்லை.

வன்னியிலிருந்து நான் வெளியே வருவதற்கு இயக்கத்திடம் நீ பிணை நின்றபோது, "பதினாலு நாள்தானே அப்பா, போட்டு வாங்கோ, நான் நிக்கிறன்" என்றாய். இது மூன்றாவது குளிர்காலம்.

உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால், அந்தக் கதையை முடிவுவரை நின்று கேட்பேன்.

அப்பா