செவ்வாயிலும் ஒரு கிலோ

மழை விட்ட பிறகு மேசைமேல் இருந்த உங்கள் எடைக்கல்லைக் கையில் எடுத்தேன், பாய். உள்ளங்கையெல்லாம் செந்துரு. முகர்ந்து பார்த்தால் துருவுக்கு அடியில் இன்னும் சீரக வாசம். செவ்வாயின் மண்ணும் இப்படித் துருவேறிச் சிவந்ததுதான் என்று உங்களிடம் சொன்ன சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

கோட்டைமேட்டில் உங்கள் மளிகைக் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். எதிர்வரிசைக் கூரைக்கு மேலே அந்தச் சிவப்புப் புள்ளி தெரியும். பூமியில் பாதி அகலம்தான், அங்கே சூரியன் நீலமாக மறையும், ஒரு நாளுக்கு நாற்பது நிமிடம் கூடுதல் என்று சொல்லிக்கொண்டே போவேன். பொட்டலம் மடிக்கும் உங்கள் கை அப்படியே நின்றுவிடும். இரண்டு நிலா என்றதும், "ரெண்டு பிறையா! எதைப் பாத்துங்க சார் பெருநாள் வெக்கறது?" என்றீர்கள். பேச்சோடு பேச்சாக நாமிருவரும் அங்கேயே ஒரு கடை போட்டோம். அந்த நீலச் சாயங்காலத்தில் யாராவது சீரகம் வாங்க வருவார்கள் என்று காத்திருந்தோம்.

அங்கேதான் சறுக்கினேன். "இங்க ஒரு கிலோ சக்கரை அங்க நானூறு கிராம்கூடத் தேறாதுங்க பாய், ஈர்ப்பு அவ்வளவு கம்மி" என்றேன். நீங்கள் தராசைத் தொட்டுக்கொண்டு, "என்ற தராசுல அங்கயும் ஒரு கிலோதானுங்க. சக்கரை எளைச்சா கல்லும் எளைக்குமில்லீங்க?" என்றீர்கள். நாலு பேர் நின்றிருந்தார்கள். "வியாபாரத்தைப் பாருங்க பாய், விஞ்ஞானத்தை எங்கிட்ட விடுங்க" என்று சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

பஸ் ஏறுவதற்குள் புரிந்துவிட்டது. எடை குறைந்து தெரிவது சுருள்வில் தராசில்தான். இரண்டு தட்டுத் தராசில் முள் நடுவிலேயே நிற்கும். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான்! மறுநாள் சொல்லத்தான் வந்தேன். டீ வாங்கித் தந்தீர்கள். குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினேன். அதற்கப்புறம் நீங்கள் செவ்வாயைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாழும் வாய், உங்கள் இறுதி ஊர்வலத்தில் ஜனாஸாவுக்குப் பின்னால் நடந்தபோதும் திறக்கவில்லை.

கடைக்கு எலெக்ட்ரானிக் தராசு வந்ததும் உங்கள் மகன் இந்தக் கல்லைக் கொண்டுவந்தார். "அத்தா உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருந்தாங்க சார். 'அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், பாவம், சொல்லத்தான் வாய் வரலை'ன்னாங்க."

இன்று சாயங்காலம் மேகம் விலகி அந்தப் புள்ளி தெரிந்தது. மாடியில் நின்று கல்லை ஏந்திக்கொண்டு, "நீங்க சொன்னதுதானுங்க பாய் சரி" என்று உரக்கச் சொன்னேன். துணி எடுக்க வந்த மனைவி, "ஏனுங்க, ஆருகிட்டப் பேசறீங்க?" என்றாள். செவ்வாயில் கடை வைத்திருப்பவரிடம் என்றேன். கை வலித்தது, கல்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை.