செங்கடலில் அம்மா தொட்ட புள்ளி

என் அண்ணாவுக்கு,

இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தவரை உன் குறுஞ்செய்திகளுக்கு ‘ம்’, ‘சரி’ என்பதற்கு மேல் நான் பதில் போட்டதில்லை. ‘அம்மிணிக்கு வாயும் இல்ல, விரலும் இல்ல’ என்று சிரிப்பாய். எழுதினாலே நீ இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்றுதான் இத்தனை காலம் பயந்திருந்தேன்.

ஊரில் மழை இல்லை. அம்மா இன்னும் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகிறாள். நீ போய் மூன்று வருடம் ஆகிறது, உனக்குக் காரியம் செய்யவில்லை. அது உனக்குத் தெரியுமா?

செங்கடலில், வேலை பார்த்த கப்பலிலிருந்து நீ விழுந்துவிட்டாய் என்று கம்பெனியிலிருந்து போன் வந்த அன்று அம்மா கேட்ட ஒரே கேள்வி, ‘எம்பையன் மேல வந்துட்டானுங்களா?’ நம் எருமப்பட்டியில் யார் கடலைக் கண்டோம்? நமக்குத் தண்ணீர் என்றால் கிணறு. விழுந்தவர் தானாக மேலே வருவார். வராவிட்டால் கயிறு கட்டி ஆள் இறங்கி எடுத்து வருவார்கள். கிணற்றைவிட்டு யாரும் எங்கேயும் போய்விட முடியாது. அம்மா கடலையும் அப்படியே நினைத்துக்கொண்டாள். ‘உடம்பு வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்’ என்று சொன்னவள்தான், இன்னும் அதிலேயே நிற்கிறாள்.

கடல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது என் பேராசிரியர், ‘வங்காள விரிகுடாவை எடுத்துக்கொள்ளேன், நமக்குப் பக்கம்’ என்றார். செங்கடல்தான் வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தக் கடலைக் கணினியில் சிறுசிறு கட்டங்களாகப் பிரிப்பேன். காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் நகரும் என்று அது கணக்குப் போடும். அதில் பெரிய பெரிய சுழல்கள் உண்டாகும். சிலவற்றுக்குள் நம் மாவட்டமே அடங்கிவிடும். அந்தச் சுழல்களுக்கு வலு எங்கிருந்து வருகிறது, எங்கே போய்த் தீர்கிறது என்பதுதான் என் படிப்பு. கிட்டத்தட்டச் சுற்றிலும் கரை, தெற்கே குறுகிய ஒரு வாய், வடக்கே மனிதர்கள் வெட்டிய கால்வாய். முதன்முதலில் வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கும் கிணறுதான் ஞாபகம் வந்தது. நானும் அம்மாவுக்குப் பிறந்தவள்தானே.

போன வாரம் ஊருக்கு வந்தேன். அப்பா போன பிறகு நம் வீட்டுக்கு நல்லது கெட்டது பார்க்கிற பெரியப்பா வந்திருந்தார்.

‘வர்ற அமாவாசைக்கு மோகனூர் போயிரலாம். தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சு, காவேரில கரைச்சுப்போடலாம். எத்தன நாளைக்குத்தான் அவன இப்படி அந்தரத்துல நிறுத்தி வெக்கறது?’

அம்மா விடவில்லை. ‘என்ற பொண்ணு அந்தக் கடலத்தானுங்க படிக்கறா. அவ வாயால அவன் இல்லீன்னு சொல்லட்டும். அப்பறம் நீங்க என்ன வேணாலும் செஞ்சுக்குங்க.’

‘இவ வாயாலயா? பஸ்ஸுல டிக்கெட் கேக்கவே நாலு ஸ்டாப்பு யோசிக்கறவ! நல்ல ஆளாப் புடிச்சே போ.’

எனக்கே சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. ‘உன்ற பொட்டியத் தொற சாமி, நான் பாக்கோணும்’ என்றாள்.

மடிக்கணினியைத் திறந்தேன். நீ விழுந்ததாகக் கப்பல்காரர்கள் சொன்ன இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான புள்ளிகளை விட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அண்ணா. பேராசிரியருக்குக்கூட அது தெரியாது.

‘எறும்பாட்டம் ஓடுதே. என்னது இது?’

‘தண்ணிம்மா. அண்ணா விழுந்த எடத்துத் தண்ணி எங்கெங்க போவும்னு காட்டுது.’

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரையில் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தாள். ஒரு சுழலுக்குள் அகப்பட்டு, வட்டம் போட்டுக்கொண்டிருந்த புள்ளி அது.

‘இது மட்டும் போகாம நிக்குது பாரு. எங்க போவான்? இங்கயேதான் சுத்திக்கிட்டு இருக்கான்.’

பெரியப்பா என்னைப் பார்த்தார். ‘அது வெறும் தண்ணிம்மா, அண்ணா இல்ல’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். ‘சொல்லலியே, பாத்தீங்களா?’ என்று அம்மா பெரியப்பாவிடம் சொல்வது அடுப்படிவரை கேட்டது. நான் பேசாமல் இருந்ததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மா பண்ணைக்குப் போன பிறகு, கணினியில் அந்த ஓட்டத்தை விட்ட இடத்திலிருந்து மேலும் ஓட்டினேன். எந்தச் சுழலும் நிலைப்பதில்லை என்று எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சுழல் வலு குறைந்து, பிய்ந்து, பக்கத்தில் வந்த இன்னொரு சுழலோடு கலந்தது. அம்மா தொட்ட புள்ளி மற்றவற்றோடு சிதறிப் போனது. எது அது என்று கணினியைக் கேட்டால் சொல்லும். நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வேன்? தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே எல்லாப் புள்ளிகளும் வேறு வழியில் போகின்றன. இத்தனை நாள் நான் எதை ஓட்டிக்கொண்டிருந்தேன், அண்ணா?

நாளைக்குப் பெரியப்பா மறுபடி வருகிறார். அவர் வருவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். மடிக்கணினியைத் திறக்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அவன் இல்லம்மா’ என்று என் வாயால் சொல்வேன். அவள் என்னை அடித்தாலும் சரி, என்னோடு பேசாமல் போனாலும் சரி. அந்தக் கடலை நான் தொடர்ந்து படிப்பேன். இனி அதில் உன்னைத் தேட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்ததால்தான் இதையெல்லாம் முதலில் சொன்னேன். நான் சொன்ன பிறகு, ஒரே ஒரு முறை அம்மாவின் கனவில் வா. ஒன்றும் பேச வேண்டாம். தலை துவட்டி, காய்ந்த சட்டை போட்டுக்கொண்டு வா, அண்ணா.

உன் கூடப்பிறந்தவள்,
அம்மிணி