முப்பத்தேழாம் எண்ணின் கட்டுரைகள்

திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அங்கே குளிர் காதைப் பிடித்து இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குல்லாய் போடச் சொல்லிப் பக்கத்தில் ஆளில்லாததால் நானே சொல்கிறேன், போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர்கள் மற்றவர்களுக்குச் சொல்வதோடு சரி.

கல்லூரி மெயிலில் ஆய்வு விஷயம், கடிதத்தில் வீட்டு விஷயம் என்றுதானே நமக்குள் பேச்சு. இந்தமுறை இரண்டும் கலந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆய்வுக் கட்டுரையின் வரைவைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. முடிவுரையில் “எழுதப் பழகும் மாணவர்கள் நோயாளியைக் கேட்கவும் பழகுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை வாய்விட்டு இரண்டு தரம் படித்தேன். எட்டு வருஷம், நூற்றைம்பத்து மூன்று மாணவர்கள், ஆளுக்கு நான்கு கட்டுரை. வார்டுக்குப் போய்வந்ததும் ஒரு நோயாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது இந்தக் கல்லூரியில் நம்மைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு என்னைப் போல ஒரு எழுத்து வாத்தியார் எதற்கு என்று உங்கள் துறைத் தலைவரே கேட்டார். இப்போது எல்லா மருத்துவக் கல்லூரியிலும் இந்த வகுப்பு வேண்டும் என்று நாம் பரிந்துரைக்கப் போகிறோம். கட்டுரையை வெளியிடச் சம்மதம் என்று நான் போடவேண்டிய கையெழுத்துப் படிவத்தை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.

நம் அறை அப்படியேதான் இருக்கிறது. கதவை இன்னும் உதைத்துத்தான் மூடவேண்டும். உங்கள் நாற்காலியில் மாணவர் கட்டுரைக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாக விட்டால் அடுத்த அறைக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வீட்டுக்காரருக்குத்தான் உடம்பு கொஞ்சம் சரியில்லை. பத்து நாளாக இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. ஒரு எழுத்தைத் தட்டப் போனால் பக்கத்து எழுத்து விழுகிறதாம். முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவருக்கு இது பெரிய அவமானம். “கோர்ட்ல ஒரு தப்பு அடிச்சிருந்தா ஒருத்தன் உள்ள போயிருப்பான்” என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்.

புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? நம் முப்பத்தேழு! இப்போது முழு டாக்டர். எந்த எண் யார் என்ற பெயர்ப் பட்டியல் நம் இருவருக்குள் இருக்கவேண்டிய ரகசியம் என்று தெரியும். ஆனாலும் வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது மனசு கேட்காமல் அவர் காதில் சொல்லிவிட்டேன். நீங்கள் திட்டினாலும் சரி. அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்! அத்தனை கட்டுரையையும் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு டைப் அடித்தவர் அவர்தானே. எங்களுக்கென்று பிள்ளை இல்லாத வீட்டில், எண்களைப் பிள்ளைகளைப் போல விசாரித்துக்கொண்டிருந்தவர். “கதவத் தாப்பாப் போடாதேன்னு ஒரு பாட்டி கத்துவாங்களே, அந்தப் பையனா?” என்றார். அந்தக் கட்டுரை உங்களுக்கு மறந்திருக்காது. எல்லோரும் உளறல் என்று விட்ட கிழவி பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவள் பூட்டிய குளியலறைக்குள் விழுந்து இரண்டு நாள் கிடந்தவள் என்று கண்டுபிடித்த பிள்ளை. பூஜ்யத்திலிருந்து நாலு வரை நாம் போடும் மதிப்பெண்ணில் நாலாம் படி கொடுத்தோம், அதற்குமேல் படி இல்லாததால்.

டாக்டர் பார்த்தார், வயசுக்கான தேய்மானம் என்று மாத்திரை எழுதினார். என் நாத்தனார் நரம்பு டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பிடுங்குகிறாள். நம்ம டாக்டர் பார்க்கிறார், அதைவிட யார் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

•

வியாழக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

படிவம் ஏன் வரவில்லை என்று இரண்டு மெயில் போட்டிருக்கிறீர்கள். பதில் போடாததற்கு மன்னிக்கவேண்டும். இதை ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்காலில் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

போன கடிதத்துக்கும் இதற்கும் ஐந்து வாரம் ஆகிவிட்டது. இதற்குள் மேலும் மூன்று தரம் அவரைக் கூட்டிப்போனேன். முதல் தரம் மரப்பு அப்படியேதான் இருக்கிறது என்றார். இரண்டாம் தரம் வலது கையும் மரக்கிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று சொன்னார். மூன்றாம் தரம், மாடிப்படியில் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் வைக்கவேண்டியிருக்கிறது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் “சரி, சரி” என்றார். கண் கம்ப்யூட்டரில் இருந்தது, விரல் தட்டிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது இவர் என்னிடம், “எவ்ளோ வேகமா டைப் அடிக்கிறான் பாத்தியா?” என்று மெச்சினார்.

போன சனிக்கிழமை காலையில் பல் தேய்க்கப் போனவர் சரிந்துவிட்டார். தூக்கினால் கால் நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்புக்குள் கட்டி. நுரையீரலில் கிளம்பி அங்கே வந்து உட்கார்ந்து, தண்டுவடத்தை நசுக்கிவிட்டதாம். உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நரம்பு அறுவை டாக்டர் நல்ல மனுஷர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா நடக்கவாவது வச்சிருக்கலாம்மா. கைல மரமரப்பு வந்தப்பவே யாருகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

சொல்லியிருந்தோம், அக்கா.

பிறகு கேஸ் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். இந்த மூன்று தேதிக்கும் ஒரே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல்: “நோயாளி நலமாக உள்ளார். புதிய புகார் எதுவுமில்லை.” வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. நான் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை.

நாத்தனார் தினமும் வருகிறாள். அன்றைக்கு அவள் சொன்னதை ஒருதரம்கூடச் சொல்லிக்காட்டவில்லை. நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை என்றிருக்கிறது. வந்ததும் தம்பியின் காலைத் தேய்த்துவிடுகிறாள். அவள் தேய்ப்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்கிறார்.

தங்கை

•

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஸ்கேன் படத்தை அனுப்பச் சொன்னீர்கள், நாத்தனார் மகள் மூலம் அனுப்பியிருக்கிறேன். அங்கே பெரிய டாக்டர்களிடம் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். காட்டுங்கள். ஆனால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் அந்தப் பத்தியை மட்டும் அவசரமாக எழுதி முடித்திருக்கிறீர்கள். பரவாயில்லை.

இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பேச்சு இருக்கிறது, மெதுவாக. மூச்சும் இனிமேல் சிரமப்படும் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மருத்துவமனைமேல் புகார் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பிள்ளையே வந்தான். (டாக்டரை அவன் இவன் என்று எழுதுகிறேன், இனிமேல் மாற்ற முடியாது.) அறுவை டாக்டர் கூப்பிட்டுக் காய்ச்சியிருப்பார் போலிருக்கிறது. என்னை வராந்தாக் கோடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றான். பாதி ஆளாக இளைத்திருக்கிறான். “அன்னிக்கு நூத்திப் பத்துப் பேர் மேடம். நான் ஒருத்தன்தான். காதுல விழுந்துச்சு, ஆனா மண்டைல ஏறல. ஒரு தரம் எழுதினதையே திரும்பத் திரும்பப் போட்டுட்டேன்” என்றான். கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். குழாயை நான்தான் மூடினேன்.

ஆத்திரத்தில் நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். “அந்தப் பாட்டிகிட்ட ஒரு மணி நேரம் உக்காந்தியே, எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு நிமிஷம் உக்கார முடியலையா?” என்றேன். அவனுக்கு முதலில் எந்தப் பாட்டி என்றே புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. “அப்படி ஒரு பாட்டியே இல்ல மேடம்” என்றான்.

கட்டிலில் இருந்த கிழவி, குளியலறை, கதவு, எல்லாம் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து எழுதியதாம். “மொதக் கட்டுரைல நெசத்த எழுதினேன். பூஜ்யம் போட்டீங்க. அப்புறம்தான் உங்களுக்கு என்ன பிடிக்கும்னு புரிஞ்சுது. எங்க பேட்ச்ல எல்லாருக்குமே புரிஞ்சுது” என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் மாணவன் மாதிரிதான் சொன்னான்.

மறுநாள் நம் அறைக்குப் போனேன். முப்பத்தேழின் முதல் கட்டுரையைத் தேடி எடுத்தேன். ஆறே வரி. அப்படியே எழுதுகிறேன், படியுங்கள்: “பதினாலாம் கட்டில்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். அவர் சொன்னது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் இது எனக்கு வழக்கமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.”

ஓரத்தில் சிவப்பு மையில், “ஆழம் இல்லை. நோயாளி எங்கே? பூஜ்யம்.” எழுத்து என்னுடையது, அக்கா. கீழே சின்னதாக உங்கள் இனிஷியலும் இருக்கிறது. ஆனால் எழுதினது நான்தான்.

உதவி கேட்டு வந்த ஒரே கட்டுரை அதுதானோ என்னவோ. இன்னும் எத்தனை இருக்கிறதோ தெரியாது. அந்த வருஷக் கட்டில் பூஜ்யம் வாங்கியவற்றை மட்டும் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். பதினொன்று படித்தேன். அதற்குமேல் முடியவில்லை, கட்டை மூடிவிட்டு வந்துவிட்டேன். நாம் கேட்கக் கற்றுக்கொடுத்தோம் என்று உலகத்துக்கு எழுதியிருக்கிறோம். நல்ல மார்க் வாங்கப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். நம் முதல் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே ஏழு கல்லூரிகளில் இந்த வகுப்பை ஆரம்பித்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அங்கேயும் யாராவது ஒரு டீச்சர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள்.

அதனால் நம் கட்டுரைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. புகாரும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் பெயரோடு என் பெயரையும் எழுதவேண்டும், அதற்கு அந்தப் புகார்ப் படிவத்தில் இடம் இல்லை. உங்கள் வேலை உயர்வு இதை நம்பி இருக்கிறது என்று தெரியும். என்னை நீங்கள் மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான். என் பெயரை எடுத்துவிட்டு நீங்கள் மட்டும் அனுப்பினால் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அவரிடம் இதில் எதையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இப்போது தினம் மதியம் வருகிறான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்காருகிறான். இவர் கோர்ட் கதைகள் சொல்கிறார், நடுநடுவே மூச்சு வாங்குகிறது, அவன் காத்திருக்கிறான். ஒரு கதையை மூன்றாம் தரம் சொன்னபோதும் புதுசாகக் கேட்பதுபோலக் கேட்டான். அவன் போனபிறகு, “நான் அன்னிக்கே சொன்னேன்ல, இந்தப் பையன் காது குடுத்துக் கேப்பான்னு” என்று இவர் பெருமைப்படுகிறார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துவிடுகிறேன். கேட்டு என்ன செய்ய? மாத்திரைகூட வலிக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள்.

உங்களால் வர முடியாது என்று தெரியும். வரச்சொல்லி எழுதவும் மாட்டேன். ஆனால் அவர் உங்கள் குரலைக் கேட்கவேண்டும் என்கிறார். புதன்கிழமை மதியம், நாத்தனார் இருக்கும் நேரத்தில் போன் செய்யுங்கள். காதருகே பிடித்துக்கொள்கிறேன். அதிகம் பேசவைக்காதீர்கள், நீங்களே பேசுங்கள், அந்த ஊர்ப் பனியைப் பற்றி ஏதாவது.

ஒன்றை மட்டும் நிச்சயம் கேட்பார். தினமும் என்னிடம் கேட்கிறார். அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரையும் அவர் விரலால் அடித்தது. “டாக்டரம்மா, புக்ல வந்திருச்சா?” என்று கேட்டால், வந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் அக்கா. நன்றியுரையில் அவர் பெயரும் இருக்கிறது என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று கேட்பார், கோர்ட் ஆள். ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் நல்லபடியாக இருக்கவேண்டும்.

உங்கள் தங்கை