நிறம் போன பக்கம்

சாங்ஷா,
வியாழக்கிழமை, மதியம்.

அன்புள்ள ஹைலான் அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதிய முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது தாள். ஹார்பினில் பனி தொடங்கிவிட்டதா? வார்டில் நின்று நின்று வீங்கிய கால் இப்போது எப்படி இருக்கிறது? அப்பா அனுப்பிய மிளகாய் ஊறுகாயை மற்ற நர்சுகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உனக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்று முறையும் இரண்டு நிமிடம் முடிவதற்குள் திரும்ப எடுத்துவிட்டேன். "என்னடி அனுப்பி அனுப்பி அழிக்கிறே?" என்று கேட்டாய். கை தவறிவிட்டது என்று பொய் சொன்னேன். தபால் பெட்டியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் தாளும் பேனாவும்.

இப்போது அலுவலகத்தில் மதியத் தூக்கம். விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, எல்லோரும் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். பெங் அண்ணனின் குறட்டை மட்டும் கேட்கவில்லை. இரண்டு நாளாக அவர் கூரையைப் பார்த்தபடிதான் படுத்திருக்கிறார். என்னால்தான், அக்கா.

லுவோ முதலாளியின் விருந்து மண்டபத்துக்கு நாங்கள் இணையதளம் செய்கிறோம் என்று சொல்லியிருந்தேனே. அவருடைய அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. அந்த விருந்துக்கு அழைப்பாகத் தளத்தில் ஒரு பக்கம் வேண்டும். பெரியவரின் படம், சிவப்புப் பின்னணி, 'வருகிறேன்' என்று அழுத்த ஒரு பொத்தான். அதை முழுதாக என்னிடமே கொடுத்தார்கள். இதுவரை யாரும் எனக்கு ஒரு பக்கத்தை முழுதாகக் கொடுத்ததில்லை.

இங்கே வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்து அசந்துபோன ஒரு தளத்தைச் சுவரில் காட்டி, ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். என் முறை வரும்போதெல்லாம் எங்கள் தலைவி கோங் அக்கா, "அவ எழுதிக் குடுக்கட்டும், நான் வாசிக்கிறேன்" என்று காப்பாற்றிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை பெங் அண்ணன் ஒரு ரயில் அட்டவணைத் தளத்தைக் காட்டினார். ஒரே ஒரு நிரல் வரியைச் சேர்த்து அதன் நிறத்தையெல்லாம் உருவிவிட்டார். அப்போதும் எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று பளிச்சென்று தெரிந்தது. "கலர் போனாலும் நிக்குது பாருங்க. மத்ததெல்லாம் வெறும் பவுடர் பூச்சு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து நான் செய்யும் எதையும் நிறத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிப்பேன்.

திங்கள் மாலை பெரியவரின் பக்கத்தையும் அப்படிச் சாம்பலாக்கிப் பார்த்தேன். விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்வை மங்கியவர்கள், அவர்களுக்குப் பொத்தான் தெரிய வேண்டுமே என்றுதான். தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில், சேர்த்த வரியை எடுக்காமலேயே சேமித்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆறு மணிக்குப் பெங் அண்ணன் வழக்கம்போல எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றினார்.

ஒரு தளம் நிறமில்லாமல் சாம்பலாகத் தெரிந்தால் நாம் முதலில் என்ன கேட்போம்? யார் போய்விட்டார் என்றுதானே. துக்க நாளில்தானே இங்கே தளங்களைச் சாம்பலாக்குவார்கள். சாம்பல் பக்கம், நடுவில் எண்பது வயதுக்காரரின் படம். செவ்வாய் காலை மண்டபத்துக்கு இரண்டு மலர் வளையங்கள் வந்து இறங்கின. வாசலில் நின்று வாங்கியவர் பெரியவரேதான். நாடாவில் தன் பெயரைப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, எனக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டாங்க" என்று சிரித்தாராம். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் இன்றுவரை கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. தனக்கு அழைப்பு வந்துவிட்டது என்கிறாராம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அன்றே லுவோ முதலாளி இங்கு வந்து கத்தினார். "உயிரோட இருக்கிற எங்கப்பாவச் சவப்பெட்டியில வச்சுட்டீங்களேடா! எவன்டா அவன்?" என்றார். கோங் அக்கா பெங் அண்ணனைப் பார்த்தார். "ஏத்தினது நான்தான். வீட்ல கைக்குழந்தை, தூக்கமே இல்ல. கலக்கத்துல எதையோ சேர்த்துட்டேன் போல" என்று அவர் தலைகுனிந்தார். அவர் யாரையும் காப்பாற்றவில்லை, அக்கா. தானே செய்ததாக நம்புகிறார்.

நான் இரண்டடி தள்ளி வெந்நீர்க் குவளையோடு நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். பள்ளியில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டையில் என்ன ஆகுமோ, அதேதான் ஆயிற்று.

இனி எதையும் ஏற்றக் கூடாது என்று அவருடைய கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். மாத முடிவில் அவர் இங்கே இருப்பாரா என்று தெரியவில்லை. நேற்று எனக்குப் பாதி ஆரஞ்சைப் பிட்டுக் கொடுத்து, "என்ன குட்டி, நனைஞ்ச கோழி மாதிரி இருக்கே? நாளன்னிக்குப் பேசணும்னு பயமா? நான் முன்னாடி உக்காந்து தலையாட்டுறேன், என்னையே பாத்துப் பேசு" என்றார். அந்த ஆரஞ்சு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

அந்தப் பேச்சு நாளை காலை ஒன்பது மணிக்கு. என் மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. எல்லோர் முன்னாலும் பத்து நிமிடம் நின்று, என்ன கற்றேன் என்று சொன்னால்தான் வேலை நிரந்தரமாகும். இதைக் கோங் அக்கா எனக்காக வாசிக்க முடியாது. சுவரில் காட்டப் பன்னிரண்டு பக்கங்கள் தயாராக இருந்தன. இன்று காலை முதல் பக்கத்தை மாற்றிவிட்டேன். அந்தச் சாம்பல் பக்கத்தை வைத்து, கீழே 'இந்த வரியைச் சேர்த்தது நான்' என்று எழுதியிருக்கிறேன். குரல் வராவிட்டாலும் எழுத்து தெரியும். ஆனால் விரல் அதைத் தாண்டி இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடுமோ என்றுதான் பயம்.

வேலை போனால் அப்பா என்னை மறுபடி, பாதியில் விட்ட பள்ளியிலேயே கொண்டுபோய் நிறுத்துவார். "இதுக்குத்தான் உங்கக்கா கையெழுத்துப் போட்டு உன்னை அங்கேருந்து வெளியே கூட்டிட்டு வந்தாளா?" என்று உன்னையும் சேர்த்துத் திட்டுவார். என்னை மன்னித்துவிடு. உன் வார்டில் ஏதாவது ஒரு தாத்தாவுக்குச் சோறு ஊட்டும்போது, இங்கே இருக்கும் பெரியவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள். அவர் கதவைத் திறக்க வேண்டும்.

இது உன் கைக்கு வர நான்கு நாள் ஆகும். அதற்குள் நானே உன்னை அழைத்திருந்தால் கிழித்துவிடு. அழைக்கவில்லை என்றால் நாளையும் ஊமையாக நின்றேன் என்று புரிந்துகொள். அப்போது நீ அழை. சாப்பிட்டாயா, குளிர்கிறதா என்றெல்லாம் கேட்காதே. "சொன்னியா?" என்று மட்டும் கேள். நான் பதில் சொல்ல எவ்வளவு நேரமானாலும் போனை வைத்துவிடாதே, அக்கா.

விளக்கைப் போடப் போகிறார்கள். அதற்குள் ஓடிப்போய் இதைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

உன் தங்கை,
ஷூலிங்