மைக் கைமாறிய சனிக்கிழமை

ஜீவனஹள்ளி, பெங்களூரு.
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை இளவேனிலுக்கு,

தமயந்தி அக்கா எழுதுவது. நானும் என் தையல் கடையும் நலம். நீ நலமா என்று கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். உன் போன் ஐந்து வாரமாக அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் காகிதம். குடியாத்தம் முகவரியை நீ நம் ரேடியோ ஸ்டேஷனில் நிரப்பிக் கொடுத்த வாலண்டியர் படிவத்திலிருந்து எடுத்தேன். ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் ப்ரஹ்லாத் சார் டீ குடிக்கப் போன நேரத்தில் எடுத்தேன், அதை யாரிடமும் சொல்லாதே.

பெரிய சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் சனிக்கிழமையும் நீ வராவிட்டால், உன் அரைமணி நேரத்தை யோகா சொல்லித்தரும் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள். “இன்னொரு வாரம், அஷ்டே தமயந்தி, அவ்வளவுதான்” என்று ப்ரஹ்லாத் சார் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து மணிக்கு என் நிகழ்ச்சி முடிந்தால் மைக்கைக் கொடுக்க ஆள் இல்லை. நானே நாற்காலியை விடாமல் பாட்டுப் போட்டு ஓட்டுகிறேன். ஐந்தரைக்கு அடுத்த நிகழ்ச்சிக்குத் தியோடர் வரும்போது எனக்குத் தொண்டை கட்டிப் போயிருக்கும். போன வாரம் அவர் எனக்கு மிட்டாய் வாங்கி வந்தார்.

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் யார் முதலில் பிரிப்பார்களோ தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே விளக்கி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ரேடியோவில் உன் பெயர் மகா. உன் சித்தப்பா நடத்தும் பெண்கள் விடுதியிலேயே, அந்த பி.ஜி.யிலேயே தங்கிக்கொண்டு, ஒன்பது மணிக்குப் பூட்டும் கேட்டைப் பற்றியும் வராத தண்ணீரைப் பற்றியும் பேசுகிறவள் சொந்தப் பெயரில் பேச முடியுமா? அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நம் ஸ்டேஷன் வழக்கம் அப்படி: அடுத்தவர் பின்னால் வந்து தோளைத் தொட்டதும், உட்கார்ந்திருப்பவர் வருகிறவரின் பெயரைச் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். மூன்று நொடிக்கு மேல் சத்தமில்லாமல் போகக் கூடாது. அன்று நீ மழையில் ஓடிவந்து, மூச்சு வாங்க என் தோளைத் தொட்டாய். ஐயோ, பிள்ளை இப்படி நனைந்திருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தபடியே “அடுத்து நம் இளவேனில்” என்று சொல்லிவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை நான், கெட்டது நீ.

மறுநாள் காலையில் சித்தப்பா உன்னைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டதையும், அவர் பார்த்துக் கொடுத்த வேலை போனதையும் உன் அறைத்தோழி நோரா வந்து சொன்னாள். கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அம்மா பயந்து போய் அப்புறம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

என் மூக்கைத்தான் உனக்குத் தெரியுமே, எதிலும் நுழையாமல் இருக்காது. போன வியாழக்கிழமை அந்த நாளின் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். ஏழு முறை கேட்டேன். என் குரல் உன் பெயரைச் சொல்கிறது. நாற்காலி கிறீச்சிடுகிறது. இரண்டு நொடிக்கு ஒன்றுமில்லை. அப்புறம் நீ, “வணக்கம், நான் இளவேனில்” என்கிறாய்.

அன்று அதற்குள் நான் கதவைத் தாண்டிவிட்டதால் இது என் காதில் விழவில்லை. எப்போதும் போல “நான் மகா” என்று நீ சொல்லியிருந்தால், தமயந்தி ஏதோ உளறினாள் என்று போயிருக்கும். ஏன் சொல்லவில்லை? பதறிவிட்டாயா? பதறினவள் குரல் அப்படியா இருக்கும்? அதற்கப்புறம் அரைமணி நேரமும் அந்தக் கேட்டைப் பற்றி எந்த வாரத்தையும் விடத் தெளிவாகப் பேசுகிறாய். என் வார்த்தையைப் பொய்யாக்க வேண்டாம் என்று நினைத்தாயா, இல்லை, மகாவாக இருந்து அலுத்துவிட்டதா? என் பழியைக் குறைத்துக்கொள்ள இதைக் கேட்கவில்லை. பழி என்னுடையதுதான். ஆனால் அந்த இரண்டு நொடியில் உன் மனதில் என்ன ஓடியது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. பி.ஜி. கேட்டை இப்போது பத்து மணிக்குத்தான் பூட்டுகிறார்களாம். நோரா சொல்லும்போது சிரித்தாள், அப்புறம் அழுதாள். தண்ணீர் மட்டும் பழைய கதைதான்.

உன் அப்பா இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, வணக்கம். வாய் தவறியவள் நான். உங்கள் மகள் ரேடியோவில் ஊரார் கஷ்டத்தைத்தான் பேசினாள், ஒருவரையும் இழிவாகப் பேசவில்லை. என் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. கீழே நானும் என் மகள் தமிழ்ச்செல்வியும் இருக்கிறோம். நம்பி அனுப்பலாம் என்று என்னைப் பற்றி நானே சொல்வது நன்றாக இல்லை. சொல்ல வேறு ஆளும் இல்லை.

இளவேனில், வேலை தேடிக்கொள்ளலாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம். சனிக்கிழமை நாலு ஐம்பத்தெட்டுக்கு மைக் முன்னால் உட்கார்ந்திருப்பேன். இந்த முறை திரும்பிப் பார்க்க மாட்டேன். நீ வந்து தோளைத் தொடு, நான் எழுந்துகொள்கிறேன். பெயரை நான் சொல்ல மாட்டேன். அதை நீயே சொல்லிக்கொள், கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
தமயந்தி